பட்டறைக் கேள்வி பதில்: கூலன்ட் தொட்டிக்கு எத்தனை லிட்டர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் கூலன்ட் (மெஷினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தொட்டி, ரேடியேட்டர் டப்பா என்று ஒரே வகையைச் சேர்ந்தவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பட்டறையில் இரண்டு சி.என்.சி. லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்), ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர் (மேல்முகம் தேய்க்கும் மெஷின்). தனித்தனியாக இருக்கும் சின்னத் தொட்டிகளை எடுத்துவிட்டு மூன்றுக்கும் ஒரே பொதுத் தொட்டி செய்யப் போகிறோம். மெஷினுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், மொத்தம் 60 லிட்டர் ஓடும். தொட்டி செய்கிற வெல்டர் 300 லிட்டர் போதும் என்கிறார். கூலன்ட் விற்பவர் 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— பைன்டவுன் வாசகர்

பதில்: இருவரும் லிட்டரில் பேசுகிறார்கள், ஐயா. நீங்கள் நிமிடத்தில் கேளுங்கள். திரும்பி வரும் கூலன்ட் மறுபடி பம்புக்குள் போவதற்கு முன் தொட்டியில் எத்தனை நிமிடம் தங்குகிறது என்பதுதான் கணக்கு. அந்த நேரத்துக்குள் மூன்று காரியம் நடந்தாக வேண்டும். காற்றுக் குமிழி மேலே வர வேண்டும், இரும்புத்தூள் கீழே படிய வேண்டும், மெஷினிலிருந்து கசிந்த ஆயில் பிரிந்து மிதக்க வேண்டும்.

குமிழியை மட்டும் எடுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 5 மி.மீ. ஏறும். 300 மி.மீ. ஆழத்திலிருந்து மேலே வர ஒரு நிமிடம் போதும். குமிழி அதில் பாதி அளவாக இருந்தால் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதே ஆழத்துக்கு நாலு நிமிடம் பிடிக்கும். லேத் வேலைக்கு 5 முதல் 10 நிமிடம், கிரைண்டருக்கு 10 முதல் 15 நிமிடம் என்று தொழிலில் வழங்கும் அளவுக்குப் பின்னால் இருப்பது இதுதான். கிரைண்டர் தூள் நுண்மையானது, படிய நேரமெடுக்கும். அதனால்தான் அதற்குக் கூடுதல். வெல்டர் சொல்லும் 300 லிட்டர் உங்களுக்கு வெறும் 5 நிமிடம். லேத்துக்கு மட்டும் என்றால் ஒப்பேற்றலாம். கிரைண்டரைச் சேர்த்தால் நுரையும் தூளும் பம்புக்குள் போய், கிரைண்டிங் முகத்தில் கீறல் விழும்.

உங்கள் கணக்கு இப்படி வரும். லேத் இரண்டுக்கும் 40 லிட்டர், 7 நிமிடம்: 280. கிரைண்டருக்கு 20 லிட்டர், 12 நிமிடம்: 240. ஆக 520 லிட்டர் எப்போதும் ஓட்டத்தில் இருக்க வேண்டும். இது தொட்டியின் கொள்ளளவு அல்ல. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பம்பு நின்றதும் பைப்பிலும் மெஷின் படுக்கையிலும் நிற்கும் கூலன்ட் அத்தனையும் தொட்டிக்கு வந்து சேரும். 32 மி.மீ. உள்விட்டமுள்ள பைப் மீட்டருக்கு 0.8 லிட்டர் பிடிக்கும். 25 மீட்டர் ஓட்டம் என்றால் 20 லிட்டர். படுக்கைகளில் மெஷினுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 45. மொத்தம் 65 லிட்டர். லோட் ஷெட்டிங்கில் (மின்வெட்டில்) மூன்று மெஷினும் ஒரே நொடியில் நிற்கும்போதுதான் இந்த 65 லிட்டர் மொத்தமாக இறங்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொட்டி சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆவியாகியும் சிப்ஸோடு (வெட்டி விழும் உலோகச் சுருளோடு) ஒட்டிப் போயும் நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் குறையும். உங்களுக்கு அது 26 முதல் 52 லிட்டர். தினமும் ஊற்ற ஆள் இல்லை என்றால் இரண்டு நாள் குறைவுக்காவது இடம் வேண்டும்.

தொட்டியின் தரை 1.8 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.44 லிட்டர். அடியில் சேறு படிய 50 மி.மீ.; ஓட்டத்துக்கான 520 லிட்டருக்கு 360 மி.மீ.; குறைந்து ஏறும் இடைவெளி 60 மி.மீ.; நின்றதும் திரும்பி வருவதற்கு 45 மி.மீ.; மேலே காலி இடம் 85 மி.மீ. மொத்த உயரம் 600 மி.மீ., கொள்ளளவு 864 லிட்டர். நிரப்பும் கோடு 470 மி.மீ.-இல்; அது பம்பு ஓடும்போது பார்க்க வேண்டிய கோடு. அதை உள்சுவரில் வெல்டு வைத்தே குறித்துவிடுங்கள். பெயின்ட் கோடு கூலன்ட்டில் நிற்காது.

கூலன்ட்காரர் சொன்ன 1,000 லிட்டர் தவறில்லை, உங்களுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். இடம் மிச்சமிருந்தால் உயரத்தைக் கூட்டாமல் நீளத்தைக் கூட்டுங்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதே நல்லது. குமிழி ஏறும் தூரம் அதில் குறைவு.

உள்ளே தடுப்பு இல்லாத 864 லிட்டர், தடுப்புள்ள 400 லிட்டர் அளவுக்குக்கூட வேலை செய்யாது. திரும்பி வரும் வாயிலிருந்து பம்பு வாய்க்குக் கூலன்ட் நேர்வழி பிடித்து ஓடிவிடும், மூலையில் இருப்பது அப்படியே தேங்கும். மூன்று அறையாகப் பிரியுங்கள். முதல் அறையில் சிப்ஸ் கூடை. அடுத்த தடுப்பு தரையிலிருந்து எழும்பி, கூலன்ட் அதன் மேலே வழிந்து போகும்படி. அதற்கடுத்தது மேலிருந்து தொங்கி, கீழே 100 மி.மீ. இடைவெளி விட்டு, மிதக்கும் ஆயில் அதைத் தாண்டாது. மூன்றாவது அறையில் பம்பு. தரை பம்புக்கு எதிர்ப்பக்கம் மீட்டருக்கு 20 மி.மீ. சரியட்டும்; தாழ்ந்த முனையில் 50 மி.மீ. வால்வு. அரை அங்குல வால்வு வைத்தவர்கள் சேறு எடுக்கும் நாளில் மண்வெட்டியைத்தான் தேடுகிறார்கள்.

பம்பின் உறிஞ்சு வாய் 40 மி.மீ. என்றால் 60 லிட்டருக்கு அதில் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். வாய்க்கு மேல் குறைந்தது 160 மி.மீ. கூலன்ட் நிற்க வேண்டும். குறைந்தால் மேல்மட்டத்தில் சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்கும். பம்பு சரளைக்கல் அரைப்பது போல் சத்தம் போடும். தொட்டி நிறைய இருந்தும் நுரை அடங்காத பட்டறைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேள்வி: ஒரு மெஷினில் 70 பார் ஹை பிரஷர் பம்பு வைத்தோம். நிமிடத்துக்கு 20 லிட்டர். 300 லிட்டர் தொட்டி. காலையில் ஏற்றும் வேலை சரியாக வருகிறது, மதியம் அளவு மாறிவிடுகிறது. தொட்டியை 600 லிட்டராக்கினால் தீருமா?
— ஜேக்கப்ஸ் வாசகர்

பதில்: தீராது. மதியம் வர வேண்டிய கோளாறு சாயங்காலம் வரும்.

70 பாரில் 20 லிட்டரைத் தள்ளினால் 2.3 கிலோவாட் கூலன்ட்டில் இறங்குகிறது. பம்பின் உள்ளே ஆகும் இழப்பையும் சேர்த்து 3 கிலோவாட் என்று வையுங்கள். 300 லிட்டரை அது மணிக்கு 8.6 டிகிரி சூடாக்கும், 600 லிட்டரை 4.3 டிகிரி. தொட்டியின் சுவர் வழியாக வெளியேறுவது சொற்பம். காற்றுப் படும் தகடு 3 சதுர மீட்டர், கூலன்ட் அறையைவிட 15 டிகிரி கூடுதல் என்றாலும் ஏறத்தாழ 450 வாட்தான் போகும். டர்பனில் பிப்ரவரி மாதம் பட்டறைக்குள்ளேயே 32 டிகிரி நிற்கும்போது அந்தக் கூலன்ட் எங்கே ஆறும்? 200 மி.மீ. நீள எஃகுத் துண்டு 10 டிகிரிக்கு 0.023 மி.மீ. நீளும், அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் அளவு மாறுவது அதனால்தான்.

முதலில் காசில்லாத வழி ஒன்று. ஒவ்வொரு டூலுக்கும் 70 பார் தேவையா? தேவையில்லாத நேரத்திலும் பம்பு முழு அழுத்தத்தில் ஓடி, மிச்சத்தை ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பிக்கொண்டிருந்தால் அத்தனையும் சூடுதான். துளை போடும் டூலுக்கு மட்டும் ஹை பிரஷர் வரும்படி புரோகிராமில் கட்டளை வையுங்கள், அல்லது மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுங்கள். அதன் பிறகும் ஏறினால் 3 கிலோவாட் சில்லர் ஒன்று. தொட்டியை 300-லேயே விடலாம். அது உங்களுக்கு 15 நிமிடத் தங்கல், தாராளம்.

கேள்வி: பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களுக்கு 12 கிலோவாட் சில்லர். பைப், மோல்ட் எல்லாம் சேர்த்து 40 லிட்டர் தண்ணீர், தனித் தொட்டி இல்லை. ஒரே மெஷின் ஓடும் நாட்களில் கம்ப்ரசர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று எடுக்கிறது. தெர்மோஸ்டாட் வித்தியாசம் 2 டிகிரி. பழுது பார்க்க வந்தவர் கேஸ் குறைவு என்றார், ஏற்றியும் மாற்றமில்லை.
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கேஸ் அல்ல, தண்ணீர்தான் குறைவு. சில்லரின் பாதி லோடில், அதாவது 6 கிலோவாட்டில், கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் 40 லிட்டரை 2 டிகிரி குளிர்விக்க 56 நொடி, மறுபடி 2 டிகிரி ஏற 56 நொடி. ஆக ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நீங்கள் சொல்வதும் அதே. அடிக்கடி ஸ்டார்ட் ஆவதால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும், ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பி வர நேரமிருக்காது.

கம்ப்ரசர் மணிக்கு ஆறு தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்தால் சுற்றுக்கு 10 நிமிடம். மிக மோசமான நிலை பாதி லோடு. முழு லோடில் கம்ப்ரசர் நிற்பதே இல்லை, மிகக் குறைந்த லோடில் நின்றால் வெகு நேரம் எடுப்பதில்லை. பாதியில்தான் தொல்லை உச்சம். அதற்கான தண்ணீரைச் சுருக்கமாக இப்படிப் போடலாம்: சில்லரின் கிலோவாட்டை 36-ஆல் பெருக்கி, தெர்மோஸ்டாட் வித்தியாச டிகிரியால் வகுக்க வேண்டும். வருவது லிட்டர். உங்களுக்கு 2 டிகிரியில் 216 லிட்டர், 3 டிகிரியில் 144, 4 டிகிரியில் 108. மோல்டுக்கு 4 டிகிரி ஏற்ற இறக்கம் ஆகாது, பொருளின் சுருக்கம் மாறும். 3 டிகிரியில் வைத்து, இருக்கும் 40 லிட்டரைக் கழித்து, 110 லிட்டர் தொட்டி ஒன்று சேருங்கள். முப்பது சதவீத கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்திருந்தால் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். கலவை தண்ணீர் அளவுக்குச் சூடு வாங்காது.

பைப்பில் இருக்கும் 40 லிட்டரைக் கணக்கில் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை மட்டும் சேர்க்கலாம். வால்வு மூடிய மோல்டில் நிற்கும் தண்ணீர் சேராது.

தொட்டியை நடுவில் தகடு வைத்து இரண்டாகப் பிரியுங்கள். மோல்டிலிருந்து வருவது ஒரு பக்கம், சில்லர் குளிர்வித்தது மறுபக்கம். தகட்டின் அடியில் ஒரு துளை இருக்கட்டும். இரண்டு பம்பும் ஒரே அளவு ஓடாது, மிச்சம் அதன் வழியே சமனாகும். துளை இல்லாமல் செய்தால் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் வற்றும்.

டர்பன் பக்கத்துக் கோடையில் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். 12 டிகிரி தண்ணீர் ஓடும் தொட்டியும் பைப்பும் வெளியே வியர்த்துக் கொட்டும். மூடியோடு 25 மி.மீ. இன்சுலேஷன் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி ஒழுகுகிறது என்று வெல்டரைக் கூப்பிடுவீர்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கிறது என்று 1,000 லிட்டர் ஃப்ளோ பின் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி) ஒன்றை பக்கியில் (பிக்-அப் வண்டியில்) ஏற்றி வந்துவிட்டேன். கூலன்ட் தொட்டியாக வைக்கலாமா? ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இதைவிட நல்லதா?
— வெருலம் வாசகர்

பதில்: இரண்டும் பாலிஎத்திலீன். 50 டிகிரியைத் தாண்டாத சுற்றுக்குத் தாங்கும், அதற்கு மேல் சுவர் தொய்யும். ஃப்ளோ பின்னில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வைக்காதீர்கள். சோப்பு மிச்சமிருந்தால் நுரையை எதனாலும் அடக்க முடியாது. வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் உள்ளே போய்ப் பாசி பிடிக்கும். வெளியே கறுப்பு பெயின்ட் அடியுங்கள். சிப்ஸ் வரும் தொட்டிக்கு இரண்டுமே ஆகாது. உள்ளே இறங்கிச் சேறு அள்ள வழியில்லை. சில்லர் தண்ணீருக்கு ஜோஜோ சரி.

பட்டறையில் பழைய கால்வனைஸ் தொட்டி கிடக்கிறது, அதைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கிளைகாலில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு மருந்து துத்தநாகத்தோடு வினைபுரிந்து கெட்டுவிடும், வெள்ளைக் கசடு ஃபில்டரை அடைக்கும்.

கேள்வி: டீசல் ஜெனரேட்டரை டர்பனிலிருந்து இங்கே கொண்டு வந்தோம். மொத்தக் கூலன்ட் 24 லிட்டர். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டப்பா ஒன்றரை லிட்டர். அங்கே ஒழுங்காக இருந்தது, இங்கே முழு லோடில் டப்பா வழிகிறது. பெரிய டப்பா போட்டால் போதுமா?
— லெனேசியா (ஜோகன்னஸ்பர்க்) வாசகர்

பதில்: டப்பா சின்னது என்பது உண்மை. பாதிக்குப் பாதி கிளைகால் கலவை 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் நாலு சதவீதத்தை ஒட்டி விரியும். உங்கள் 24 லிட்டரில் ஒரு லிட்டர். குளிர்ந்த நிலையில் மேல்கோடு வரை நிரப்பினால் அந்த ஒரு லிட்டருக்கு இடமில்லை. விரிவுக்கு 6 சதவீதம், கசிவு வந்தாலும் கொஞ்ச காலம் தாங்க 10 சதவீதம், அடியில் வாய் மூழ்கியிருக்க 0.3 லிட்டர் என்று வைத்தால் 4.1 வரும். நாலரை லிட்டர் டப்பா வாங்குங்கள்.

ஆனால் டர்பனில் வழியாதது ஏன் இங்கே வழிகிறது என்பது வேறு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதிக்கும். 90 கிலோபாஸ்கல் மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் டர்பனில் 119 டிகிரி வரை தாங்கும், இங்கே 116. அந்த மூன்று டிகிரி பெரிய விஷயமில்லை. காற்று மெலிந்திருப்பதுதான் பெரிது. அதே விசிறி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான காற்றுப் பொருளை இழந்துவிடுகிறது, ரேடியேட்டர் அந்த அளவுக்குச் சூட்டை இறக்காது. எந்த டப்பாவும் இதைச் சரிக்கட்டாது. ஜெனரேட்டரின் உயர்நில லோடு அட்டவணையைப் பார்த்து லோடைக் குறைக்க வேண்டும்.

டப்பா மாற்றுமுன் மூன்றைச் சோதியுங்கள். மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அழுத்தம் நிற்காது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் ஒடுங்கிக் கிடந்தால் மூடியின் உள்ளிழுக்கும் வால்வு அடைத்திருக்கிறது. டப்பாவில் போனது திரும்பி வரவில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அப்போது பத்து லிட்டர் டப்பாவும் வழியும்.

கேள்வி: திரும்பி வரும் பைப்பின் வாய் கூலன்ட்டுக்கு மேலே இருக்கலாமா?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: கூடாது, நுரைக்கும். மட்டத்துக்குக் கீழே 75 மி.மீ. விட்டு, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். மட்டத்துக்கு மேலே பைப்பில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் நிற்கும்போது பின்னுக்கு இழுக்காது.

கேள்வி: டிசம்பர் ஷட்டவுன் முடிந்து ஜனவரியில் திறந்தால் பட்டறையே நாறுகிறது. 900 லிட்டர் தொட்டி, ஆண்டின் பாதியில்தான் முழு வேலை. தொட்டி பெரிதாக இருந்தால் கூலன்ட் கெடாது என்றார்களே?
— டொங்காட் வாசகர்

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு அது பொருந்தும். மூன்று வாரம் அசையாமல் நின்றால், மேலே படரும் ஆயில் காற்றை அடைத்துவிடும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகி அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். வேலை குறைந்த தொட்டியில் இன்னொன்றும் சேரும். புதிதாக ஊற்றுவது குறைவு, ஆகவே பழைய கூலன்ட் பழையதாகவே கிடக்கும். வேலை குறைந்த பாதி ஆண்டுக்கு மட்டத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பம்பு வாய்க்கு மேல் போதிய ஆழமும், ஓடும் மெஷின்களுக்கு ஏழு நிமிடமும் இருந்தால் போதும்.

மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். மிதக்கும் ஆயிலை ஸ்கிம்மரால் எடுங்கள். அடிச் சேற்றை அள்ளுங்கள்; கிருமியின் வீடு அதுதான், அதை விட்டுவிட்டு மருந்து ஊற்றுவது வீண். ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்த்தி காட்டும் கருவியில்) அளவு பாருங்கள். காட்டும் எண்ணைக் கூலன்ட் டின்னில் போட்டிருக்கும் பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 4 காட்டி, பெருக்கெண் 1.6 என்றால் 6.4 சதவீதம். மூடும்போது 8 சதவீதத்துக்கு ஏற்றி வையுங்கள். தனி பக்கெட்டில் தண்ணீரை முதலில் எடுத்து அதில் டின்னிலுள்ள கூலன்ட் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தயிர் போல் திரியும். பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கட்டும். 8.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தக் கூலன்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

மூடியிருக்கும் நாட்களில் டைமர் வைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் பம்பு ஓடட்டும். பட்டறையின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவதாக இருந்தால் இந்த வழி இல்லை. அப்போது ஷட்டவுனுக்கு முன் தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஜனவரியில் புதிதாக நிரப்புங்கள். காலி செய்வதற்கு முந்தின நாள் தொட்டி கழுவும் மருந்தை ஊற்றி எட்டு மணி நேரம் பைப்பெல்லாம் ஓட விடுங்கள். பைப்பின் உள்சுவரில் வழவழப்பாக ஒட்டியிருப்பது போகாமல் புதுக் கூலன்ட் ஊற்றினால் இரண்டே வாரத்தில் அதுவும் நாறும். வடித்த கூலன்ட்டை மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள். ஃப்ளோ பின்னில் பிடித்து, கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல் அவர்களுடைய வண்டி கிடைப்பது கஷ்டம், நவம்பரிலேயே சொல்லி வையுங்கள்.